கொஞ்சம் கீழ காட்டு

— திரும்பத் திரும்ப அதையே சொல்லாத ஜெகா. ஆயிலு சொட்டுது, சொட்டுதுன்னா இன்னா அர்த்தம்? வேன் எஞ்சினுக்குப் புது டர்போ போட்டா ரெண்டு நாளு அப்படித்தான் அழுவும். போல்ட்டு உக்காரணும்ல?

— ரெண்டு நாளா? போன வாரத்துலேர்ந்து அழுவுது அண்ணாத்தே. சத்தியமா சொல்றேன், மூணாவது தபா உன் ஷெட்டுல வந்து நிக்கிறேன். மொத தபா டைட்டு பண்ணிட்டேன், போன்ன. அடுத்த தபா வாஷரு மாத்திட்டேன், போன்ன. போனேன். பாடி மேம்பாலத்து மேல இன்னா ஆச்சுன்னு தெரியும்ல?

— தெரியும். அதே பாட்ட எத்தினி தபா பாடுவ?

— அண்ணியும் கேக்கட்டுமே.

— எனக்கும் தெரியும் தம்பி. புகை வந்துச்சு.

— சாம்பிராணிப் பொகை இல்ல அண்ணி. பைப்புலேர்ந்து ஆயிலு சொட்டி, கொதிக்கிற சைலன்சரு மேல வியுந்து, பானெட்டு முயுக்க வெள்ளையா பொகை. டயாலிசிஸுக்குக் கூட்டினு போற பேசண்டுங்க, நடக்கவே முடியாதுன்றவங்க கூட, கதவத் தொறந்து குதிச்சி ஓட்றாங்க. நாகம்மா ஆயா மட்டும் வீல்சேரோட உள்ள. பெல்ட்டு நான் கட்டினது. அத்த அவுக்க எனக்குக் கை ஓடல. அவங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? "நீ போய்ட்றா கண்ணு, நான் பாத்துக்கிறேன்"னாங்க. இன்னாத்தப் பாத்துப்பாங்க? முட்டிக்குக் கீழ காலே கெடையாது.

— ஆண்டவரே.

— அன்னிக்கி ஆஸ்பத்திரி போவல. அந்தத் தண்ணி அப்படியே உடம்புல நிக்குது. மூஞ்சி இட்லி மாதிரி ஊதிப் போயி, படுத்தா மூச்சு இல்ல. ராத்திரி முச்சூடும் குந்திகினே கீறாங்களாம். இன்னிக்கி ஒரு மணிக்கு டயாலிசிஸ் பெட்டு. அத்தயும் உட்டா அவங்க தாங்க மாட்டாங்க அண்ணாத்தே. அவங்க பேத்தி காவ்யா போன்ல அழுவுது.

— வேற வண்டி பாக்க வேண்டியதுதானே தம்பி?

— முகூர்த்த நாளு அண்ணி. ஐயப்பன்தாங்கல்லேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் ஒரு வேன் இல்ல, அத்தினியும் கல்யாணத்துக்குப் போய்டுச்சு. மத்த பேசண்டுங்கள ஆட்டோல அனுப்பிட்டேன். வீல்சேர அப்படியே ஏத்துற மாதிரி பலகை வெச்ச வண்டி என்னோடது ஒண்ணுதான்.

— ஆம்புலன்ஸ்?

— பேரச் சொன்னாலே கைய ஆட்றாங்களாம். அவங்க ஊட்டுக்காரரு அதுல ஏறிப் போனவருதான், திரும்பல. ஏத்துனா வழியிலயே செத்துடுவேன்னு அடம்.

— போதும், போதும். பேசிப் பேசி மணிதான் போவுது. ஜெபா, டார்ச்ச எட்துகினு வா. எஞ்சினு ஆறிச்சு. நீ எட்ட நில்லு ஜெகா, வெளிச்சத்த மறைக்காத.

— குடு அண்ணாத்தே, நான் புடிக்கிறேன்.

— அவ புடிச்சாதான் எனக்கு வேலை ஓடும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவதான் புடிக்கிறா.

— ஆமா தம்பி. மத்த பொண்ணுங்களுக்கு நகை போட்டுக் கூட்டிட்டு வருவாங்க. எனக்கு டார்ச்சைக் கையில குடுத்தாரு. நீங்க போய் காவ்யாவுக்கு ஒரு போன் போடுங்க.

— ஜெபா, இப்படி வா. இன்னும் கிட்ட. கொஞ்சம் கீழ காட்டு.

— இங்கயா?

— இன்னும் கொஞ்சம். ஆங். இப்ப தெரியுது. அந்தப் பதினேழு ஸ்பேனரு எங்க? யாரு எட்த்து மாத்தி வெச்சது?

— வச்ச இடத்துலதான் இருக்கு. உங்க இடது கைக்குப் பக்கத்துல.

— இங்க இல்ல.

— இன்னும் கொஞ்சம் தள்ளி. அந்தா, கை பட்டுச்சுல்ல, அதான்.

— சாமான மாத்தி வெக்காதன்னு எத்தினி தபா சொல்லி கீறேன்.

— யாரும் மாத்தலைங்க.

— சரி, சண்ட வேணாம். சைடுல காட்டு. டர்போ தலைக்கு மேல ஒரு பைப்பு வருதுல்ல, அதுதான் ஆயிலு பைப்பு. அது தலையில வளையம். வளையத்து நடுவுல போல்ட்டு. வளையத்துக்கு மேல ஒரு செம்பு வாஷரு, கீய ஒரு செம்பு வாஷரு. ரெண்டும் நசுங்கிப் புடிச்சா ஒரு சொட்டு வராது. வருதுன்னா போல்ட்டு பத்தல. இன்னொரு சுத்து குடுக்கறேன்.

— மொதல் தடவையும் இன்னொரு சுத்துதான் குடுத்தீங்க.

— இந்தத் தபா நல்லா குடுக்கறேன்.

— ஏங்க, வேண்டாம். அது நடுவுல ஓட்டை போட்ட போல்ட்டு. ரொம்ப முறுக்கினா உள்ளயே முறிஞ்சிடும்னு சொன்னது யாரு? நீங்கதான். முறிஞ்சா வண்டி இன்னைக்கு இல்ல, இந்த வாரமே போகாது.

— நீ டார்ச்ச ஒயுங்காப் புடி. எனக்கு வேலை கத்துக் குடுக்காத.

— விடுங்க அந்த ஸ்பேனரை. விடுங்கன்னு சொல்லுதேன்ல!

— பாத்தியா, கோவம் வந்தா உனக்கு நாசரேத்து வந்துடும். ஆவடி குவாட்டர்ஸ்லயே பொறந்து வளந்தவ, கோவம் மட்டும் அப்பன் ஊர்லேர்ந்து வருது.

— பேச்சை மாத்தாதீங்க.

— அண்ணாத்தே, காவ்யா லைன்ல கீது. கிளம்பிட்டியா, கிளம்பிட்டியான்னு கேக்குது. இன்னா சொல்ல?

— வந்துகினே கீறேன்னு சொல்லு.

— ஷெட்டுலயே நின்னுகினு வந்துகினே கீறேன்னா? ஹலோ, காவ்யா. ஆங், கிளம்பப் போறேன்மா. இல்ல, அந்தப் பிரச்சினை சரி ஆய்டுச்சு. சத்தியமா. ஆயாவ குந்த வெச்சே வெய்யி, படுக்க வெக்காத. தண்ணி கேட்டா ஒதட்ட மட்டும் நனை. வர்றேன்மா, வர்றேன். அண்ணாத்தே, நான் இப்ப பொய் சொல்லிட்டேன். அத்த நெசமாக்குறது உன் கையில கீது. ஒண்ணு பண்ணேன். சிலிக்கான் பேஸ்ட் கீதுல்ல, அத்த அப்பிட்டா இன்னா? இன்னிக்கி ஒரு நாளு ஓடிட்டா போதும்.

— பேஸ்ட்டா? எவன் சொன்னான் உனக்கு?

— யூடியூப்ல ஒருத்தன் போட்டான்.

— அவன் பைப்புல அப்பினானா, பல்லுல அப்பினானா? கேளு மாமே. அது ஆயிலு போற வழி. பேஸ்ட் பிதுங்கி உள்ள போச்சுன்னா ஓட்டைய அடைச்சிக்கும். வெளிய ஒரு சொட்டு சொட்டாது, உள்ள ஒரு சொட்டு போவாது. டர்போ வறண்டு போய் சுத்தி, மதுரவாயல் தாண்டறதுக்குள்ள கத்தி செத்துடும். அப்புறம் நட்டநடு ரோட்ல ஆயாவ வெச்சிகினு நிப்ப.

— அப்ப இன்னாதான் பண்றது? எதச் சொன்னாலும் வேணான்ற. நீயும் ஒண்ணும் பண்ண மாட்டேன்ற.

— ஏங்க, நான் ஒண்ணு சொல்லவா? சும்மா வெளிய இருந்தே முறுக்கிட்டு இருக்காம, பைப்பைக் கழட்டிக் கையில எடுங்க. வெயில்ல வச்சுப் பாப்போம்.

— கயட்டுனா திரும்ப மாட்ட நேரம் ஆவும்.

— கழட்டலன்னா?

— சரி. கொஞ்சம் கீழ காட்டு. ம். வருது. துணி குடு, ஆயிலு வயியும். டர்போல தெரியுற ஓட்டைய துணி போட்டு மூடு, தூசி போவக் கூடாது.

— எங்க ஓட்டை? எனக்கு அங்க ஒரு எழவும் தெரியலைங்க.

— உனக்குத் தெரிய வேணாம், எனக்குத் தெரிஞ்சா போதும். பளிச்சுனு தெரியுது. குடு துணிய, நானே மூடறேன். இந்தா, பைப்ப டீசல்ல கயுவு.

— இன்னா அண்ணி, உள்ள கும்மிருட்டா கீது?

— நீங்க வெயில்ல நின்னுட்டு உள்ள பாக்கீங்க தம்பி, அப்படித்தான் தெரியும். தள்ளுங்க, பைப்பைக் கழுவணும்.

— நல்லா கயுவு ஜெபா. கரி இல்லாம.

— கழுவிட்டுதான் இருக்கேன். ஏங்க, இந்தப் பைப்புத் தலையில, அடிப்பக்கம் ஒரு வளையம் இருக்கே. இது என்ன?

— அது பைப்போட பொறந்தது. உடு.

— பொறந்ததா? நகத்தால சொரண்டினா செம்பு தெரியுது.

— இன்னாது?

— செம்புங்க. இது வாஷர். பழைய டர்போவைக் கழட்டும்போது இந்தப் பைப்போடவே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அது ஒட்டியிருக்கிறது தெரியாம, அதுக்கும் கீழ நீங்க புதுசு போட்டு முறுக்கியிருக்கீங்க. ஒரு பக்கம் ஒண்ணு, ஒரு பக்கம் ரெண்டு. எப்படிப் பிடிக்கும்?

— குடு அத்த.

— இந்தாங்க.

— ம். ம். ஆமா, ஒரு வரி மாதிரி தட்டுப்படுது.

— விரலால தடவுறீங்களே. கண்ணால பாருங்க, தெரியும்.

— பாத்துகினுதான் கீறேன். கரி ஏறி பைப்போட பைப்பா ஆய்ட்டு கீது. எவன் பாத்தாலும் தெரியாது இது.

— நான் பாத்தேன், தெரிஞ்சுதே.

— அண்ணாத்தே, இரு. இரு. நான் புரிஞ்சிக்கிறேன். போன வாரத்துலேர்ந்து இந்தச் சனியன் இங்கயே ஒட்டிகினு கீது. நீ ரெண்டு தபா இத்தக் கையில எட்த்த. டர்போ போடும்போது எட்த்த. வாஷரு மாத்தும்போது எட்த்த. கண்ணால பாத்துட்டேன், சுத்தமா கீதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்ன. சொன்னியா இல்லியா?

— சொன்னேன்.

— அப்ப இன்னாத்தப் பாத்த?

— ஜெகா, தப்பு ஆய்டுச்சுடா.

— அந்தப் பாலத்து மேல ஆயா எரிஞ்சிருந்தா? தப்பு ஆய்டுச்சுன்னு அவங்ககிட்ட சொல்லுவியா? நான்தான் பெல்ட்டு கட்டினேன் அண்ணாத்தே. கனவுல வருது அந்த பெல்ட்டு.

— தம்பி, இப்ப கத்துறதுல ஒண்ணும் இல்ல. நான் கொண்டை ஊசியால நெம்பிப் பாக்கேன். வருது, வருது. அந்தா, வந்துடுச்சு பாருங்க. இனிமே மேல ஒண்ணு, கீழ ஒண்ணு போட்டா சரியாப் பிடிக்கும், இல்லையாங்க?

— புடிக்கும். ஆனா புது வாஷரு இல்ல ஜெபா. போன தபா போட்டதுதான் கடைசி ஜோடி. அது நசுங்கி இறுகிப் போயி கீது. இறுகுனது திரும்ப அமுங்காது.

— வாங்கிட்டு வரலாமா?

— இந்த சைசு பாடிலதான் கெடைக்கும். போயி வர்றதுக்குள்ள பெட்டு வேற ஆளுக்குப் போய்டும்.

— அவ்ளோதானா அண்ணாத்தே? முடிஞ்சிச்சா? காவ்யாவுக்கு இன்னா சொல்ல, சொல்லு. நீயே பேசு. இந்தா போனு.

— இரு. யோசிக்க உடு. ஜெபா, பக்கத்து டீக்கடைல அடுப்பு எரியுதுல்ல? அந்த ஜோடியை எட்துனு போ. இடுக்கியால புடிச்சி நெருப்புல காட்டு. நல்லா செவக்கணும், அடுப்புக் கங்கு மாதிரி. செவந்த ஒடனே தண்ணில போடு. இரும்ப அப்படிப் பண்ணா இறுவும். செம்பு அப்படி இல்ல, பச்சப் புள்ள சதை மாதிரி எளகிடும். அப்புறம் உப்புத்தாள்ல ரெண்டு பக்கமும் தேய்ச்சி, சமமா கொண்டா.

— நீங்களும் வாங்க. செவந்துச்சான்னு நீங்கதானே பாத்துச் சொல்லணும்.

— உனக்கே தெரியும், போ. நான் போல்ட்டத் தொடைச்சி வெக்கறேன்.

— வாங்களேன்.

— போன்னா போயேன் ஜெபா, நேரம் ஆவுது!

— சரி, போறேன்.

— அண்ணாத்தே, அண்ணி போய்ட்டாங்க. இப்பச் சொல்லு. உனக்கு இன்னா ஆச்சு?

— எனக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல.

— காட்டுப்பாக்கம் வேன் ஸ்டாண்டு பூரா பேசிக்கிறாங்க. அமல்ராஜ் ஷெட்டுக்கு உடாத, அவரு கை போய்டுச்சின்றாங்க. பூபாலன் அண்ணன் வண்டில பிரேக்கு பைப்ப மாத்தி மாட்டிட்டியாம். அவரு ஒன்னாண்ட சண்ட போடல, வேற ஷெட்டுக்குப் போய்ட்டாரு. நான் மட்டும்தான் அங்கலாம் எதிர்த்துப் பேசிகினு வர்றேன். எங்க அண்ணாத்தே கை போவாதுன்னு.

— போவலடா. இந்தா, தொட்டுப் பாரு. எங்கயாச்சும் ஆட்டம் கீதா? இந்தக் கையால இன்னிக்கி முயு எஞ்சினையும் பிரிச்சி மாட்டுவேன்.

— அப்ப இன்னாதான் போச்சு?

— ஜெகா, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த வண்டிய மட்டும் வேற ஷெட்டுக்கு எட்துனு போய்டாத. உன் கால்ல வியுறேன்.

— அய்ய, இன்னா அண்ணாத்தே!

— நெசமா சொல்றேன். இது போய்ட்டா வேற வண்டி வராது. இந்த ஷெட்டு இல்லாட்டி எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுடா. காலைல எய்ந்திரிச்சி எங்க போவேன்? ஊட்ல குந்திகினு ஜெபா கை சோறு துன்னணுமா? அவளே வேலைக்குப் போயி எனக்கு... வேணாம். பூபாலன்னா போனான்னு உட்டுடுவேன். நீ போய்ட்டா அவ்ளோதான்.

— அழுவாத அண்ணாத்தே. கண்ணத் தொடை. யாராச்சும் வந்துறப் போறாங்க.

— ஜெபா வர்றா. அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத.

— எங்க? தெருவுல ஆளையே காணோம்.

— வர்றா. செருப்பு சத்தம்.

— ஆமா! இப்பதான் மூலையில திரும்பறாங்க. காது கூர்மைதான் உனக்கு.

— ஏங்க, இந்தாங்க. டீக்கடைக்காரரு என்னத்த சுடுதீங்கன்னு கேட்டாரு. வாஷர்னேன், மசாலா போடலையான்னாரு. நல்லா செவந்துச்சு. தண்ணியில போட்டதும் சுர்ருன்னுது. தேய்ச்சுட்டேன்.

— குடு. ம், வயவயன்னு கீது. சோக்கா வந்துட்டு கீது ஜெபா. டார்ச்ச எடு. வா. மூடுன துணிய எடுக்கறேன். அந்த ஆயிலு டின்ன குடு, ஓட்டைல ரெண்டு சொட்டு உடறேன், மொத சுத்துக்கு வறண்டு நிக்காது. கொஞ்சம் கீழ காட்டு.

— இங்கயா?

— அங்கயேதான். ஆடாமப் புடி. அடி வாஷரு வெச்சாச்சு. பைப்பு. மேல் வாஷரு. நயுவுது, நயுவுது... புடிச்சிட்டேன். போல்ட்டு. கையாலயே மொதல்ல நாலு சுத்து.

— தெரியுதா நல்லா?

— தெரியாம? பட்டப்பகல் மாதிரி கீது. ஆங், உக்காந்துச்சு. இப்ப ஸ்பேனரு. அளவா. அளவா. போதும். இதுக்கு மேல ஒரு நூலு கூட வேணாம். அமுங்கறது கைக்கே தெரியுது.

— ஸ்டார்ட் பண்ணவா அண்ணாத்தே?

— ஒடனே முடுக்காத ஜெகா. டீசல் ஒயரப் புடுங்கி உட்டு கீறேன். கொஞ்ச நேரம் சும்மா சுத்து. ஆயிலு மேல ஏறட்டும். ம். ம். போதும், நிறுத்து. இப்ப ஒயர மாட்டறேன். முடுக்கு. அப்படியே ஓட உடு.

— ஓடுது. பாத்துச் சொல்லு அண்ணாத்தே. சத்தியமா சொல்றேன், நீ கண்ணால பாத்து இல்லன்னு சொன்னாதான் நான் கியர் போடுவேன். ஆயாவத் திரும்ப அந்த பெல்ட்டுல கட்டணும் நான்.

— ஜெபா, நல்லா கிட்ட காட்டு. ம். இல்ல ஜெகா. ஒரு சொட்டு இல்ல. காஞ்சி போயி கீது, பளபளன்னு. என் கண்ணால பாத்துட்டேன். எட்துனு போ.

— தம்பி, இருங்க. போகாதீங்க.

— இன்னா அண்ணி?

— தினசரி காலண்டர்ல இன்னைக்குத் தாளைக் கிழிச்சுக் குடுங்க.

— இன்னாத்துக்கு ஜெபா? நான்தான் பாத்துட்டேன்றேன்ல.

— நீங்க பாத்தது உங்களுக்கு. இது எனக்கு. தம்பி, ஆக்சிலேட்டரை அமுக்கிப் பிடிங்க, எஞ்சின் நல்லா சூடாகட்டும். நான் இந்தத் தாளை போல்ட்டுக்கு அடியில சொருகுறேன். வெள்ளைப் பக்கம் மேல. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.

— நம்பிக்கை இல்லியா என் மேல?

— நாகம்மாவுக்குக் கால் இல்லைங்க. குதிக்க முடியாது.

— அண்ணி, காவ்யா திரும்பவும் கூப்புடுது.

— எடுக்காதீங்க. இப்ப எதுவும் சொல்லாதீங்க. இன்னும் கொஞ்சம் அமுக்குங்க. போதும். தாளை எடுக்கேன். இந்தா, நீங்களே இறங்கி வந்து பாருங்க தம்பி. திருப்பிப் பாருங்க.

— வெள்ளையா கீது. அண்ணி, ஒரு பொட்டு இல்ல! அண்ணாத்தே, பாரேன், துணி வெளுத்த மாதிரி கீது! அடங்கப்பா! நல்ல நேரம், எமகண்டம்னு இந்தப் பக்கம் போட்ருக்கறது மட்டும்தான்.

— அதான் நான் அப்பவே சொன்னேனே.

— சொன்ன, சொன்ன. உன் கை போவல. ஸ்டாண்டுல போயி சொல்றேன் எல்லாத்துக்கும். ஹலோ, காவ்யா! கிளம்பிட்டேன்மா. இப்ப பொய் இல்ல. ஆயாவ வாசலுக்குத் தள்ளினு வா. வரேன் அண்ணி. வரேன் அண்ணாத்தே.

— போற வயியில ஒரு தபா நிறுத்திப் பாத்துக்கோ நைனா! ஆயாவக் கேட்டேன்னு சொல்லு!

— போயிட்டாரு.

— கேளு ஜெபா. அந்த விசிலு கேக்குதா? மெல்லிசா, ஊதற மாதிரி? டர்போ பாடுது. ஆயிலு சரியாப் போவுதுன்னு அர்த்தம். மெயின் ரோடு திரும்பிட்டான். இப்ப செகண்டு கியரு. இப்ப தேர்டு. அய்யோ, ஜெபா, எனக்கு உசுரு திரும்ப வந்துச்சு. போன வாரத்துலேர்ந்து தூக்கம் இல்ல தெரியுமா?

— தெரியும். நானும் பக்கத்துலதானே படுத்திருக்கேன்.

— ஏன், சத்தமே இல்லாம கீற? சிரியேன்.

— சிரிச்சிட்டுத்தான் இருக்கேன்.

— ஆங், அதான் பாத்தேன்.

— ஏங்க, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது.

— கேளு. இன்னிக்கி எதக் கேட்டாலும் கோவம் வராது.

— முன்னெல்லாம் டார்ச் பிடிக்கும்போது என்னைத் திட்டாத நாளே கிடையாது. "கண்ணுல அடிக்காத", "எங்க காட்டுற, உங்க அப்பன் ஊருக்கா"ன்னு கத்துவீங்க. ஸ்பேனரைத் தூக்கிக் கூடப் போட்டிருக்கீங்க. ராத்திரி நான் பேசாம இருந்தா பரோட்டா வாங்கிட்டு வந்து சமாதானம் பண்ணுவீங்க. கிறிஸ்மஸ்ல இருந்து ஒரு திட்டு கூட வாங்கலை நான்.

— அதுக்குப் போயி வருத்தப்படுவாங்களா? திட்டுனாலும் தப்பு, திட்டாட்டியும் தப்பா?

— ஏன் திட்டலை?

— நீ தேறிட்ட ஜெபா, அதான். முன்ன ஒனக்கு எங்க காட்டணும்னு தெரியாது. இப்பலாம் நான் சொல்றதுக்கு முன்னாடியே அங்க வந்து நிக்குது உன் வெளிச்சம்.

— கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போவோம்னு சொன்னேனே. சக்கரை இருக்கிறவங்க போய்ப் பாக்கணும்னு டாக்டரும் சொன்னாரு.

— திரும்ப அதுவா? கண்ணாடி மாத்தணும், அவ்ளோதான். படிக்கிற எயுத்துதான் கொஞ்சம் மங்கலா கீது. வேலைக்கு ஒரு கொறையும் இல்ல. இன்னிக்கே பாத்தல்ல? அந்த இண்டு இடுக்குல, கையே போவாத எடத்துல, வாஷரு வாஷரா எட்த்து அடுக்கி, ஒரு சொட்டு இல்லாம உட்டேனா இல்லியா? கண்ணு போனவன் பண்ற வேலையா அது?

— இல்லைங்க. வேலை நல்ல வேலைதான். அதுல நான் ஒண்ணும் சொல்லலை.

— அப்புறம் இன்னா? உண்மையச் சொல்லணும்னா என் கை வேலை பாதி, உன் டார்ச்சு பாதி. எவ்ளோ கரீட்டா அடிச்ச இன்னிக்கி! பளிச்சுன்னு, பட்டப்பகல் மாதிரி. உன் வெளிச்சம் இல்லாட்டி இன்னிக்கி நாகம்மா ஆயா கதி இன்னா ஆயிருக்கும், நெனைச்சிப் பாரு.

— ஏங்க.

— ம்?

— இங்க வாங்க. கையைக் குடுங்க. எண்ணெயா இருந்தாப் பரவாயில்ல, குடுங்க. காலையில இருந்து நான் அந்த டார்ச்சைப் போடவே இல்லைங்க.